ஸ்கேனில் சிக்காதவன்

"என் தம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொன்னுட்டு இருக்காங்க. யாருன்னும் எனக்குத் தெரியும்" என்றாள் அந்தப் பெண், உட்காருவதற்கு முன்பே.

"துப்பு துலக்கறதை நீங்களே முடிச்சுட்டா, நாங்க ஷட்டரை இறக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான் அரட்டை.

மேஜைக்குப் பின்னாலிருந்து சல்லடை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாய் தானாக மூடிக்கொண்டது.

சல்லடை என்பது இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வைத்த பெயர். போலி விபத்துகளையும், செத்ததாகச் சொல்லிவிட்டு பக்கத்து ஊரில் உயிரோடு உலாவியவர்களையும் வருஷக்கணக்காகச் சலித்து எடுத்ததால் வந்தது. ஐம்பது வயதில் வேலையை உதறிவிட்டு, மாடியறை ஒன்றைப் பிடித்துத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. அரட்டைக்குப் பெயர்க் காரணம் தேவையில்லை. அவன் பேசாமல் இருப்பது தூங்கும்போது மட்டும்தான். அதுவும் நிச்சயமில்லை என்று அவன் அம்மா சொல்வாள்.

வந்தவள் திரைச்சீலை தைக்கும் கடையில் தையல்காரி. முப்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

"யாரும்மா கொல்றது?" என்றாள் சல்லடை.

"எங்க சித்தப்பா. அப்பா போனதுலேர்ந்து நானும் தம்பியும் அவரோடதான் இருக்கோம். கீழே கண்ணாடிப் பட்டறை, மேலே வீடு. அப்பாவும் அவரும் சேர்ந்து நடத்தின பட்டறை. அப்பா தன் பங்கைத் தம்பி பேருக்கு எழுதிட்டார். அன்னைக்கு ஆரம்பிச்சது சண்டை. இப்ப அவருக்கும் எனக்கும் பேச்சே கிடையாது."

"தம்பிக்கு என்ன வயசு?"

"பத்தொன்பது."

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா பங்கு முழுக்க சித்தப்பாவுக்கு. பழைய சரக்குதான்" என்றான் அரட்டை.

"பாதி அவருக்கு. பாதி எனக்கு."

சல்லடை நிமிர்ந்தாள். "பாதி உனக்கு" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது.

"நான் அப்படிப்பட்டவ இல்லைங்க!"

"யாரும் அப்படிப்பட்டவங்களா வந்து இந்த நாற்காலியில உட்கார்றதில்லை. தம்பிக்கு உடம்புக்கு என்ன?"

"காலையில எழுப்பப் போனா ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். எழுந்து நின்னதும் வாந்தி. நேரம் போகப் போகக் கொஞ்சம் தேவலாம்பான். மறுநாள் காலையில மறுபடியும் அதே கதை. இப்பல்லாம் ஊசியில நூல் கோர்க்கச் சொன்னா, ஊசிக்குப் பக்கத்துல காத்துல கோர்க்கறான். 'ரெண்டு ஊசி தெரியுதுக்கா, நீ எதைச் சொல்றே?'ங்கறான்."

"டாக்டர்?"

"பார்க்காத டாக்டர் இல்லை. தலையை ரெண்டு தடவை ஸ்கேன் எடுத்தாச்சு. கட்டி கிட்டி எதுவுமில்லை, சுத்தமா இருக்குன்னுட்டாங்க. ரத்தத்துலயும் விஷம் இல்லையாம். கடைசியில, அப்பா போன துக்கம்தான் இப்படிக் காட்டுது, மனநல டாக்டர்கிட்ட போங்கன்னு சீட்டு எழுதிட்டாங்க."

"விஷம் இல்லைன்னு சொன்ன பிறகும் விஷம்தான்னு நினைக்கறீங்க" என்றான் அரட்டை.

"கண்ணாடிக்குப் பின்னால பூசற மருந்து என்னென்னன்னு உங்களுக்குத் தெரியுமா? அந்த மருந்துங்க நடுவுலயே வளர்ந்தவர் எங்க சித்தப்பா. எது கண்ணுல படும், எது படாதுன்னு அவருக்குத் தெரியாதா? விடியறதுக்கு முன்னாடி பட்டறைக்கு இறங்கிடுவார். இறங்கும்போது தம்பி கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்க் நிறைய காபி வச்சுட்டுப் போறார். பொறந்ததுலேர்ந்து அடுப்புப் பக்கமே வராத மனுஷன்! அதுக்கு நான் என்ன நினைக்கறது?"

சல்லடை பேனாவை உருட்டினாள். "வாந்தி வர்றது காபி குடிச்ச பிறகா, அதுக்கு முன்னாடியா?"

தையல்காரி யோசித்தாள். "எழுந்ததுமே வந்துடும்."

"பிளாஸ்க் மூடி?"

"மூடிதான் இருக்கும்." குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே ஏறியது. "முதல் நாள் குடிச்சது மறுநாள் வேலையைக் காட்டக் கூடாதா?"

"காட்டலாம். வேற ஏதாவது?"

"வாரத்துல ஒரு நாள் சாயங்காலம் ஒரு கறுப்புப் பையைத் தூக்கிக்கிட்டு வெளியே போறார். உள்ளே பாட்டில் மோதிக்கற சத்தம் கேக்கும். எங்கே போறார், யாரைப் பார்க்கறார், ஒண்ணும் தெரியாது. இன்னைக்கு அந்த நாள்."

சல்லடை எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள். அவள் அகராதியில் அதற்கு அர்த்தம், வழக்கு எடுக்கப்பட்டது.

*

சித்தப்பாவைப் பின்தொடர்வது சிரமமாக இல்லை. அறுபது வயது, நெடிய உருவம். முழங்கைகளை அகட்டி வைத்து, இல்லாத ஒரு பெரிய கண்ணாடியைச் சுமப்பவர்போல் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார். கூட்டத்தில் யாரும் அவர்மேல் இடிக்கவில்லை. வலது கையில் கறுப்புப் பை.

"மேடம், கொலைகாரன் நடையா இது? கல்யாண மாப்பிள்ளை மாதிரி இல்லே நடக்கறார்!"

"பையைப் பாரு, நடையைப் பார்க்காதே."

அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். முதல் முறை அரட்டை குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். இரண்டாவது முறையும் அதே செருப்பு, அதே வார். அதற்குப் பிறகு அவர் திரும்பவில்லை; ஒரு செருப்புக் கடையின் பக்கவாட்டுப் படிகளில் ஏறி மறைந்துவிட்டார்.

"நீ மேலே போ. நான் கீழே நிக்கறேன்" என்றாள் சல்லடை.

சற்று நேரத்தில் அரட்டை இறங்கி வந்தான். கையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பா.

"என்னடா இது?"

"மேலே ரத்தம், சிறுநீர், சாப்பாடுன்னு எல்லாம் பரிசோதனை பண்ற இடம் மேடம். என்ன வேணும்னு கேட்டாங்க, சும்மா வந்தேன்னா சொல்ல முடியும்? டப்பாவைக் குடுத்து நிரப்பிட்டு வாங்கன்னுட்டாங்க. தொழிலுக்காக என்னென்னவெல்லாம் பண்ண வேண்டியிருக்கு!"

"அவர் என்ன பண்ணினார்?"

அரட்டையின் முகத்திலிருந்து கேலி மறைந்தது. "பையிலேர்ந்து ரெண்டு சாமான் எடுத்தார். ஒண்ணு மூடி போட்ட பாட்டில். இன்னொண்ணு சாப்பாட்டு டப்பா. அங்கே வேலை பார்க்கற பொண்ணு, 'சார், போன வாரம் குடுத்த சாப்பாட்டுலயும் ஒண்ணுமில்லை, சிறுநீர்லயும் ஒண்ணுமில்லை. எதுக்குத் திரும்பத் திரும்பக் கொண்டு வர்றீங்க?'ன்னு கேட்டுச்சு. அதுக்கு இவர், 'நல்லாப் பாரும்மா, அவ கெட்டிக்காரி'ங்கறார்."

படிகளில் காலடிச் சத்தம். காலியான கறுப்புப் பையை மடித்தபடி சித்தப்பா இறங்கி வந்துகொண்டிருந்தார். சல்லடை கடைசிப் படியில் போய் வழியை மறித்து நின்றாள்.

"யார் சார் அந்தக் கெட்டிக்காரி?"

அவர் ஆடிப்போனார். சுவரைப் பிடித்துக்கொண்டு அவளையும் அரட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார் நீங்க? அவ அனுப்பின ஆளுங்களா?"

"ஆமா. நாங்க துப்பறியறவங்க, உங்க அண்ணன் பொண்ணு அனுப்பினா. நீங்க அவ தம்பிக்கு விஷம் வைக்கறீங்கன்னு சொல்றா."

கோபப்படுவார் என்று அரட்டை ஓரடி பின்வாங்கினான். அவரோ படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் வைக்கறேனா! அவ சமைக்கறதைத் தின்னுதான் பையன் உருக்குலைஞ்சு போறான். அவ மூடி வச்ச டப்பாவைத் திருட்டுத்தனமா எடுத்துட்டு வந்து இங்கே சோதிக்கறேன். நான்தான் உங்ககிட்ட முதல்ல வந்திருக்கணும்."

"பாட்டில்ல?"

"அவனோட சிறுநீர். அவனும் நானும் ஒரே அறையிலதான் படுக்கறோம். ராத்திரி பூரா எழுந்து போறான். போயிட்டு வந்து ஒரு குடம் தண்ணி குடிக்கறான். மறுபடியும் போறான். குடிச்சுக் குடிச்சு ஓயாம ஓடறான். இந்தக் கூத்து எத்தனையோ மாசமா நடக்குது. சர்க்கரையா இருக்கும்னு ஒரு டாக்டர்கிட்டக் காட்டினேன். சர்க்கரை இல்லை, நிறையத் தண்ணி குடிக்கற பழக்கம்தான், குறைச்சுக்கச் சொல்லுங்கன்னார். குறைச்சா பையன் துடிக்கறான்."

"அந்த டாக்டர்கிட்டத் தலைவலியைப் பத்திச் சொன்னீங்களா?"

சித்தப்பா நிமிர்ந்தார். "தலைவலியா? யாருக்கு?"

சல்லடையும் அரட்டையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காலை வாந்தி? ரெண்டு ரெண்டாத் தெரியறது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதே. நான் விடியறதுக்கு முன்னாடி பட்டறைக்குப் போயிடுவேன். அவ கையால எதுவும் வாங்கிக் குடிச்சிடக் கூடாதேன்னு ஒரு பிளாஸ்க் காபி மட்டும் போட்டு வச்சுட்டுப் போவேன். வாயில வைக்க முடியாதுன்னு எனக்கே தெரியும்."

"ராத்திரி உங்களுக்கு. காலை அவளுக்கு" என்றாள் சல்லடை. "ஒரே வீட்டுல ஒரே பையனுக்கு ரெண்டு வியாதி. ஒண்ணு உங்களுக்குத் தெரியும், இன்னொண்ணு அவளுக்குத் தெரியும். ரெண்டும் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கூட இல்லை."

அரட்டை கையிலிருந்த டப்பாவைப் படியோரம் வைத்தான். "மேடம், இவர் சொல்றது நிஜம்னு எப்படி நம்பறது? அவ சொல்றதும்தான். ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி."

"நம்ப வேண்டாம். பையனையே கேட்போம்."

*

பட்டறையில் சுவருக்குச் சுவர் கண்ணாடி சாய்த்து வைத்திருந்தது. உள்ளே நுழைந்ததும் அரட்டை பத்து அரட்டைகளாகப் பெருகினான். "ஒருத்தனுக்கே சம்பளம் ஒழுங்கா வர்றதில்லை" என்று முணுமுணுத்தான்.

தம்பி ஒரு முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடி விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. காலடியில் ஒரு பெரிய தண்ணீர் கேன். சித்தப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சாப்பிட்டியாப்பா?" என்றாள் சல்லடை.

"சாப்பிட்டேங்க." பதில் கேள்வியை முந்திக்கொண்டு வந்தது.

சல்லடை அவனைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்த ஆளுயரக் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவன் உட்கார்ந்திருந்த வேலை மேஜையின் அடிப்பாகம் தெரிந்தது. சாக்குத் துணிக்குப் பின்னால் மூடி திறக்காத ஒரு சாப்பாட்டு டப்பா. பக்கத்தில் ஒரு பிளாஸ்க். மூலையில் கைகழுவும் தொட்டி. அதன் வெள்ளைப் பீங்கானில் காபி வழிந்த பழுப்புக் கோடு.

"கண்ணாடிப் பட்டறையில எதையும் ஒளிக்க முடியாதுப்பா. எவ்வளவு நாளா இதைக் கொட்டிட்டு இருக்கே?"

அவன் தேய்ப்பதை நிறுத்தினான். வாசலில் நின்ற சித்தப்பாவைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

"சித்தப்பா குடுக்கறதைத் தொடாதேன்னு அக்கா சொல்றா. அக்கா செஞ்சதைத் தொடாதேன்னு சித்தப்பா சொல்றார். யார் குடுத்ததைத் தின்னாலும் இன்னொருத்தர் முகத்தைப் பார்க்க முடியலை. ரெண்டு மாசமா ரெண்டையும் தொடறதில்லைங்க. தெருமுனைக் கடையில ரொட்டி வாங்கித் தின்னுட்டு, குழாய்ல தண்ணி பிடிச்சுக் குடிக்கறேன்."

"அவங்ககிட்டச் சொல்லலையா?"

"சொன்னா யாரை நம்பலைன்னு சொல்றது?"

சித்தப்பா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டு மாசம்" என்றாள் சல்லடை. "இந்த ரெண்டு மாசத்துல உடம்பு தேறிச்சா?"

"இன்னும் மோசமாயிடுச்சு. முன்னாடி காலையில மட்டும் வலிக்கும். இப்ப நாள் முழுக்க வலிக்குது, வெளியே காட்டிக்கறதில்லை. அக்கா கூட்டிட்டுப் போன டாக்டர் வலியை மட்டும் கேட்டார், சித்தப்பா கூட்டிட்டுப் போனவர் தாகத்தை மட்டும் கேட்டார்."

அரட்டை தலையைச் சொறிந்தான். "அப்ப அக்காவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. ரொட்டிக் கடைக்காரரா?"

"அந்த ரொட்டியைத் தெருவே தின்னுது."

"குழாயா?"

"அந்தத் தண்ணியை ஊரே குடிக்குது."

"அப்ப யார்தான் மேடம் வைக்கறது?"

"யாரும் எதையும் வைக்கலை. வெளியிலேர்ந்து ஒரு பயல் உள்ளே போகலைன்னா, ஆள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கான்." அவள் பார்வை தம்பியின் நெற்றியில் போய் நின்றது. "ஆனா ரெண்டு ஸ்கேனும் அப்படி யாரும் இல்லைன்னு சொல்லுது. அதுதான் எனக்கு இடிக்குது."

தம்பி ஏதோ சொல்ல எழுந்தான். ஓரடி எடுத்து வைத்தவன் இல்லாத ஒரு படியில் கால் வைப்பதுபோல் தடுமாறினான். அடுத்த நொடி அவன் சாய்ந்த கண்ணாடி சரிந்து விழுந்து சிதறியது. சித்தப்பா அந்தச் சில்லுகள்மீது வெறுங்காலோடு ஓடிவந்து அவனைத் தாங்கினார்.

*

ஆஸ்பத்திரி பெஞ்சின் இந்த ஓரத்தில் அக்கா, அந்த ஓரத்தில் காலில் கட்டுப் போட்ட சித்தப்பா. நடுவில் இரண்டு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. சல்லடை அங்கே போய் உட்கார்ந்தாள்.

மூளை அறுவை டாக்டர் வெளியே வந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, சிரிக்கத் தெரியாத முகமுள்ள பெண்மணி.

"பையனுக்கு எப்போலேர்ந்து இப்படி?"

"தலைவலிங்க டாக்டர், காலையில வாந்தி—" என்று ஆரம்பித்தாள் அக்கா.

"தாகம்ங்க டாக்டர், ராத்திரி பூரா—" என்றார் சித்தப்பா.

இருவரும் நிறுத்தி, முதல் முறையாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ராத்திரி தாகமா?" என்றாள் அக்கா.

"ஒவ்வொருத்தரா, முழுசாச் சொல்லுங்க" என்றாள் சல்லடை. "டாக்டர் ரெண்டையும் சேர்த்துக் கேட்கட்டும்."

அவர்கள் சொல்லச் சொல்ல டாக்டரின் புருவம் நெருங்கியது. "தாகம்னதும் சர்க்கரையைப் பார்த்துட்டு விட்டுட்டாங்க. தலைவலின்னதும் ஸ்கேனைப் பார்த்துட்டு விட்டுட்டாங்க. உடம்புல தண்ணி எவ்வளவு நிக்கணும்னு உத்தரவு போடற இடம் மூளைக்கு அடியில, நட்ட நடுவுல இருக்கு. அந்த இடம் கெட்டாலும் ஓயாத தாகம் வரும். மூளைக்குள்ள தண்ணி ஓடற அறைகள் இருக்கு. அதுல அடைப்பு விழுந்தா காலையில தலைவலி, வாந்தி, பார்வை ரெண்டாத் தெரியறது எல்லாம் வரும். ரெண்டும் அக்கம்பக்கத்து இடம். ரெண்டையும் ஒருத்தர் கேட்டிருந்தா எப்பவோ சந்தேகம் வந்திருக்கும்."

"ஆனா ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையே?" என்றாள் அக்கா.

"இன்னைக்கு எடுத்ததுலயும் கட்டி தெரியலை. ஆனா தண்ணி அறை, பழைய படத்துல இருந்ததைவிட வீங்கியிருக்கு. எதுவோ அடைக்குது. அது உருண்டையா இருந்தாப் படத்துல விழும். அறையோட சுவர்ல மெல்லிசா, பூச்சு மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தா விழாம போகலாம்."

"போட்டோவுல சிக்காம சுவரோட சுவரா நிக்கற திருடன்" என்றான் அரட்டை.

டாக்டர் அவனை ஒரு கணம் பார்த்தார். "ஏறக்குறைய அதுதான். வாசல்லேர்ந்து பார்த்தாத் தெரியாது, உள்ளே போய்ப் பார்க்கணும். மண்டையோட்டுல சின்னதா ஒரு துளை போட்டு, பென்சிலைவிட ஒல்லியான குழாயை அந்தத் தண்ணி அறைக்குள்ள விடுவேன். நுனியில விளக்கும் கேமராவும் இருக்கும். எண்டோஸ்கோப். வயித்துக்குள்ள விட்டுப் பார்க்கறாங்களே, அதோட தங்கச்சி. அடைச்ச தண்ணிக்கு எப்படியும் வழி பண்ணியாகணும், இல்லைன்னா உயிருக்கே ஆபத்து. அதே வழியில சுவரையும் பார்த்துடலாம். சந்தேகப்படற மாதிரி ஏதாவது இருந்தா ஒரு துணுக்குக் கிள்ளி எடுத்துட்டு வருவேன்."

"இல்லாத கட்டியைத் தேடித் தலையில துளை போடுவாங்களா?" சித்தப்பா எழுந்து நின்றார். "மூணு படத்துல இல்லாதது உள்ளே எப்படி இருக்கும்? எனக்கு இதுல ஏதோ சரியாப் படலை."

"எனக்கும்தான்" என்றாள் அக்கா.

"பரவாயில்லையே, ஒரு விஷயத்துல ஒத்துப்போயிட்டாங்க!" என்று அரட்டை சல்லடையின் காதில் சொன்னான்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "ரத்தம் கசியலாம். ஞாபக சக்தி பாதிக்கலாம். உள்ளே போயும் ஒண்ணும் கிடைக்காம திரும்பலாம். எதையும் மறைக்கலை. முடிவு அவனோடது. கொஞ்சம் தெளிவா இருக்கான், வாங்க."

கட்டிலில் தம்பி கண்ணைத் திறந்தான். டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி அவனிடம் சொன்னார். அவன் பார்வை அக்காவிடம் போனது, சித்தப்பாவிடம் போனது.

"உள்ளே போய்ப் பாருங்க டாக்டர்" என்றான். "ஏதாவது இருந்தா இவங்க ரெண்டு பேரும் இல்லைன்னு ஆயிடும்ல?"

அக்கா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

*

காத்திருக்கும் அறையில் அரட்டை சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தான். கதவு திறந்தபோது டாக்டரின் தலையில் இன்னும் பச்சைத் தொப்பி இருந்தது.

"பிழைச்சுக்கிட்டான். தண்ணிக்கு வழி பண்ணியாச்சு" என்றார். "உள்ளே வந்து பாருங்க."

பக்கத்து அறையில் ஒரு திரை. அவர் பொத்தானை அழுத்தியதும் படம் ஓடத் தொடங்கியது. தெளிந்த தண்ணீர். அதற்குள் வெள்ளை வெளேரென்று ஒரு சுவர், மேலே நூல்போல் ஓடும் நீலமும் சிவப்புமான ரத்தக் குழாய்கள். குழாய் முன்னே நகர்ந்து ஒரு சிறிய துவாரத்தின் வழியே அடுத்த அறைக்குள் நுழைந்தது. அங்கேயும் சுத்தம். அக்கா நகத்தைக் கடித்தாள்.

"ஒண்ணுமே இல்லையே?" என்றார் சித்தப்பா. குரலில் பழைய சந்தேகம்.

"அவசரப்படாதீங்க."

கேமரா கீழே சாய்ந்தது. அறையின் தரையில், சுவர் மடியும் இடத்தில், பால் ஆறினால் மேலே படியும் ஆடைபோல் ஒரு வெளிறிய படலம். அதைச் சுற்றி ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். தண்ணீர் வெளியேறும் வழியின் வாயிலும் அதே படலம் ஒட்டியிருந்தது.

"இதோ" என்றார் டாக்டர். "இவ்வளவு மெல்லிசு. படத்துல சுவரும் இதுவும் ஒண்ணாத்தான் தெரியும். கண்ணால பார்த்தாத்தான் நிறம் வேறன்னு தெரியுது."

திரையில் ஒரு குட்டி இடுக்கி வந்து படலத்தைக் கவ்வியது. ஒரு துளி ரத்தம் புகைபோலத் தண்ணீரில் கரைந்தது.

சல்லடை நெடுநேரம் திரையையே பார்த்தாள். எத்தனையோ குற்றவாளிகளை நேருக்கு நேர் நிறுத்தியிருக்கிறாள். இவனுக்கு முகமே இல்லை.

சோதனை முடிவு வந்த அன்று டாக்டர் முதல் தடவையாக லேசாகச் சிரித்தார். "கட்டிதான். புற்றுதான். ஆனா கதிர்வீச்சு பட்டாக் கரையற ஜாதி. பெரும்பாலும் நல்லபடியாக் குணமாகும். தாகம் மட்டும் தீராமப் போகலாம், அதுக்கு மருந்து எடுத்துக்கிட்டே இருக்கணும். இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போயிருந்தா நான் இப்படிப் பேசிட்டு இருக்க மாட்டேன்."

தாழ்வாரத்தில் அக்கா சித்தப்பாவின் முன்னால் போய் நின்றாள். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் அவர் காலில் இருந்த கட்டைப் பார்த்தாள்.

"உங்களை விஷம் வைக்கறவர்னு வெளி ஆள்கிட்டப் போய்ச் சொல்லிட்டேன் சித்தப்பா."

"நான் உன் சாப்பாட்டை வாராவாரம் சோதனைக்குக் கொண்டு போனேன்."

"என்னை மன்னிப்பீங்களா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "உடனே முடியும்னு தோணலைம்மா. உன்னாலயும் முடியாது, பொய் சொல்லாதே. நாளாகும்."

"ஆகட்டும்" என்றாள் அவள்.

அரட்டை சல்லடையைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தான். "என்ன மேடம், கட்டிப்பிடிச்சு அழுவாங்கன்னு பார்த்தேன்!"

"இதுதான்டா நம்பற மாதிரி இருக்கு" என்றாள் சல்லடை.

கதிர் சிகிச்சை வாரக்கணக்கில் நடந்தது. தம்பியின் தலைமுடி உதிர்ந்தது. வாந்தியும் வந்தது, சிகிச்சையால் வந்த வாந்தி. ஆனால் பார்வை ஒன்றாகச் சேர்ந்தது. இரண்டு அக்கா, இரண்டு சித்தப்பா என்ற தொல்லை விட்டது. ஆரம்பத்தில் ஒரு நாள் அக்கா அழைத்து வந்தாள், மறுநாள் சித்தப்பா. பேச்சு இல்லாத வீட்டில் முறை போட்டுக்கொண்டார்கள்.

கடைசி நாள் சிகிச்சையின்போது அவன் எப்படி இருக்கிறான் என்று பார்க்க சல்லடையும் அரட்டையும் வந்திருந்தார்கள். முறைக் கணக்கில் ஏதோ குளறுபடி; அக்கா, சித்தப்பா இருவருமே கிளம்பி வந்துவிட்டார்கள். தாழ்வாரத்தின் இந்தச் சுவரோரம் அக்கா, அந்தச் சுவரோரம் சித்தப்பா. கதவைத் திறந்து நர்ஸ் தலையை நீட்டினாள்.

"பையனோட கூட வந்தவங்க யாரு?"

"நான்" என்றாள் அக்கா.

"நான்" என்றார் சித்தப்பா, அதே நேரத்தில்.

நர்ஸ் எரிச்சலோடு இருவரையும் பார்த்தாள். "ஒருத்தர்தான் உள்ளே வரலாம். யாரு?"

உள்ளேயிருந்து தம்பியின் குரல் கேட்டது.

"ரெண்டு பேரையும் விடுங்க சிஸ்டர். தனித்தனியா விட்டா எனக்குத்தான் கஷ்டம்."